கலெக்டருக்குக் கால் வீக்கம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சீட்டாட்டம், சிகரெட் என்றால்கூட நாலு நாள் திட்டி நிறுத்த வைத்துவிடலாம். இது நிற்கிற வகையில்லை. யாருக்காவது, எங்கேயாவது, மூட்டு வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டால் போதும், என் கட்டைவிரல் என்னைக் கேட்காமலேயே போய் அதை அழுத்திப் பார்த்துவிடும். ஒருமுறை தாம்பரத்திலிருந்து பம்மல் போகிற பஸ்ஸில், பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவரின் முட்டியை அழுத்திவிட்டேன். அவர் அலறியடித்து எழுந்து பர்ஸைத் தடவிப் பார்த்தார். கண்டக்டர் என்னை அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிட்டார். அந்த முட்டியில் நீர் கோத்திருக்கிறது என்று நான் சொன்னதை அங்கே ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். பொத்தேரியில் அறை எடுத்துத் தங்கி நாலரை வருஷம் படித்துவிட்டு, சேலையூரில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். நாங்கள் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாமா கூடாதா என்று பெரிய பெரிய ஆட்களே சண்டை போட்டுக்கொள்கிறார்கள். என் அப்பாவுக்கு அந்தச் சண்டையெல்லாம் தெரியாது. மாடம்பாக்கத்தில் செங்கல், மணல், ஜல்லி வியாபாரம் செய்கிறவர். நான் கல்லூரியில் சேர்ந்த அன்றைக்கே லோடு இறக்க வந்த லாரிக்காரர்களிடம் "பையன் டாக்டருக்குப் படிக்கிறான்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அதைத் திருத்த எங்கள் குடும்பத்தில் யாருக்கும் மனசு வரவில்லை. (எனக்கும்தான். பொய் சொல்வானேன்.)

வினை அங்கேதான் ஆரம்பித்தது. அனகாபுத்தூரில் வனிதாவைப் பெண் பார்க்கப் போனோம். எனக்கு அவளைப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. அவளும் அன்றைக்குச் சரி என்றுதான் சொன்னாள். (இப்போது கேட்டால், "அன்னைக்கு பஜ்ஜி நல்லா வந்திருந்துச்சு, அந்த சந்தோஷத்துல சொல்லிட்டேன்" என்கிறாள்.) எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, அப்பா வழக்கம்போல் "பையன் டாக்டர்" என்று எடுத்துவிட்டார். ஓரமாக உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்த வனிதாவின் தாய்மாமன் கஜேந்திரன் நிமிர்ந்து பார்த்தார். அவர் நிஜ டாக்டர். அரசாங்கக் கால்நடை மருத்துவமனையில் முப்பது வருஷமாக மாடு, ஆடு, குதிரை எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்க்கிறவர்.

"ஊசி போடுவீங்களா தம்பி?" என்றார்.

"இல்லீங்க மாமா."

"மருந்து எழுதுவீங்களா?"

"இல்ல."

"ஆப்பரேஷன்?"

"அதுவும் இல்ல."

"அப்ப வர்றவங்களை என்ன பண்ணுவீங்க?"

"காலை நீட்டச் சொல்லுவேன் மாமா. அப்புறம் மடக்கச் சொல்லுவேன்."

அவர் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "ம்" என்றார்.

அவ்வளவுதான். ஆனால் அந்த "ம்" நாலு மாதம் என் கூடவே இருந்தது. குளிக்கும்போது கேட்கும். கிளினிக்கில் யாருக்காவது காலை மடக்கிவிடும்போது கேட்கும். கல்யாணத்துக்குள் எப்படியாவது அந்த மனிதர் வாயிலிருந்து "நீங்களும் டாக்டர்தான் மாப்ள" என்று ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறியே வந்துவிட்டது. இருபத்தெட்டு வயசு. அந்த வயசில் ரோஷம் அதிகம், மற்றதெல்லாம் கம்மி.

இதில் குதிரை எங்கே வந்தது என்று கேட்பீர்கள். குதிரை அப்பாவின் ஆசை. அவர் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு யாரிடமோ இரவல் வாங்கின கார் பாதி வழியில் நின்றுவிட்டதாம். கழுத்தில் மாலையோடு இவரே இறங்கி மண்டபம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாராம். "என் பையன் குதிரையிலதான் வருவான். குதிரை நின்னாலும் யாரும் தள்ள வேண்டியதில்ல" என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். அன்றைக்கு நான் பிறக்கவே இல்லை என்பதெல்லாம் அவருக்கு ஒரு விஷயமே இல்லை.

எங்கள் பக்கத்தில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைக் கொண்டுபோய்ப் பிள்ளையார் கோயிலில் உட்கார வைத்துவிடுவார்கள். பெண் வீட்டார் மேளத்தோடு வந்து, மாலை போட்டு, ஊர்வலமாக மண்டபத்துக்கு அழைத்துப் போக வேண்டும். வனிதாவுக்கு அண்ணன் தம்பி இல்லாததால் மாலை போடப் போகிறவர் கஜேந்திரன் மாமா. ஏழே காலுக்குள் மண்டபத்தில் தட்டு மாற்றியாக வேண்டும், அதற்கு மேல் நேரம் சரியில்லை என்று ஐயர் கறாராகச் சொல்லியிருந்தார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். அது ஆரம்பிப்பதற்கு முன்பே வீட்டுப்படி தாண்டிவிட வேண்டும் என்று அம்மா என்னை நாலே காலுக்கே கோயிலுக்குத் துரத்திவிட்டாள். ஆறு மணி வரை அங்கே எனக்குச் செய்வதற்கு ஒரு வேலையும் கிடையாது.

மாப்பிள்ளையைச் சும்மா உட்கார வைக்கக் கூடாது. அதுவும் கட்டைவிரலோடு உட்கார வைக்கவே கூடாது.

கோயில் வாசலில் குட்டியானையில் குதிரை வந்து இறங்கியது. (சின்ன லோடு வண்டிக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். குட்டியானையில் குதிரை வருகிறது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள்.) நல்ல வெள்ளைக் குதிரை. நெற்றியில் ஜிகினா, கழுத்தில் சலங்கை. கோவளம் பீச்சில் சவாரிக்கு விடுகிற தேசப்பன் என்பவருடையது. மீன்பிடிக் குடும்பம். கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று குதிரைக்கு மாறினவர்.

"குதிரை பேரு என்னண்ணா?" என்று கேட்டேன்.

"கலெக்டர்."

"பொம்பளக் குதிரையாச்சே?"

"ஏன் சார், பொம்பள கலெக்டர் ஆவக்கூடாதா? எம் பொண்ண ஆக்கணும்னு நெனச்சேன். அது பியூட்டி பார்லர் வச்சிகினு போய்டுச்சு. பேரு வீணாப் போவுதேன்னு இதுக்கு வச்சிட்டேன்."

கலெக்டரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. வலது பின்னங்காலில், பின்பக்கமாக மடங்குகிற அந்தப் பெரிய மூட்டின் முன்புறம், ஒரு சாத்துக்குடி அளவுக்குப் புடைத்திருந்தது. அதற்கு மேல் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. ரோஸ் கலர் ஷெர்வானியோடும் தலைப்பாகையோடும் நான் உட்கார்ந்துவிட்டேன். கட்டைவிரல் போய்விட்டது. அழுத்தினால் அமுங்கியது. விட்டால் திரும்ப எழும்பியது. கலெக்டர் கழுத்தைத் திருப்பி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, வேறு வேலை இருப்பதுபோல் முன்பக்கம் திரும்பிக்கொண்டது.

"அண்ணா, இது என்ன வீக்கம்?"

"அது மூணு மாசமா அப்பிடித்தான் கீது சார். நோவு ஒண்ணும் இல்ல. பீச்சுல ஓடுது, கொள்ளு துன்னுது, கிட்டப் போனா என்னிய ஒதைக்குது. எல்லாம் கரெக்டாத்தான் கீது."

"காரணம்?"

"அதான் தெர்ல."

"வலி எவ்வளவு இருக்கும்? பத்துக்கு எத்தனை மார்க் போடலாம்?" கிளினிக்கில் எல்லோரிடமும் கேட்டுக் கேட்டு வாய் பழகிவிட்டது.

தேசப்பன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அத்த அதுகிட்டயே கேளு சார். நானா ஒண்ணு சொன்னா நல்லாருக்காது."

இந்த இடத்தில் எந்தப் புத்திசாலியும் எழுந்து ஷெர்வானியைத் தட்டிவிட்டுக்கொண்டு போயிருப்பான். நான் கணக்குப் போட்டேன். இன்னும் ஒரு மணி நேரத்தில் கஜேந்திரன் மாமா வருவார். வந்தவுடன் அவர் கண் அந்த வீக்கத்தின் மேல்தான் விழும். வீங்கின காலோடு நிற்கிற குதிரையின் மேல் நான் ஏறி உட்கார்ந்திருந்தால், "ம்" என்பது "ம்ஹும்" ஆகிவிடும். அதுவே, அவர் வரும்போது நான் வீக்கத்தைக் கண்டுபிடித்து, அளந்து, கட்டுப் போட்டு, "இந்தக் குதிரைக்கு ஓய்வு தேவை மாமா" என்று சொன்னால்? ஊரே பார்க்க அவர் என்னைத் தட்டிக்கொடுப்பார். அந்தக் காட்சி கண்ணில் ஓடியது. பின்னணி இசைகூட கேட்டது.

அப்பாவின் சட்டைப் பாக்கெட்டில் எப்போதும் ஒரு ஸ்டீல் டேப் இருக்கும், தூங்கும்போதுகூட. அதை வாங்கி இரண்டு பின்னங்கால்களையும் அளந்தேன். வலது கால் மூன்று சென்டிமீட்டர் அதிகம். காலை மடக்கிப் பார்க்கலாம் என்று தூக்கினேன். கலெக்டர் மரியாதையாகத் திரும்ப வாங்கிக்கொண்டது. தேசப்பன் கயிற்றைப் பிடித்துத் தெரு முனை வரை நடத்திக் காட்டினார். துளிகூட நொண்டவில்லை. நடை அவ்வளவு அழகு. எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது. உள்ளே எதையோ மறைக்கிறது என்று நினைத்தேன்.

என் நண்பன் ஜெகன் போனில் தேடிக்கொண்டிருந்தான். "மச்சான், ஒரு சைட்ல இது ஒண்ணும் பண்ணாதுன்னு போட்டிருக்கான். இன்னொண்ணுல குதிரை மேல ஏறவே கூடாது, ஆபத்துன்னு போட்டிருக்கான். எதை எடுத்துக்கலாம்?"

"ரெண்டாவதை எடுத்துக்க" என்றேன். "மெடிக்கல் ஷாப்புக்கு ஓடு. க்ரேப் பேண்டேஜ் நாலு வாங்கிட்டு வா."

அப்பா வந்து நின்றார். "என்னடா நடக்குது இங்க?"

"குதிரைக்கு மூட்டு வீக்கம்பா. நான் ஏற மாட்டேன்."

"அது நொண்டுதா?"

"இல்ல. ஆனா வீங்கியிருக்கு."

"அது நல்லாத்தானேடா நடக்குது! எனக்கு ஒரு வருஷமா முட்டி வலி, மாடி ஏற முடியல, ஒரு நாள் தொட்டுப் பார்த்திருப்பியா? எங்கேயோ கோவளத்துலேருந்து வந்த குதிரைக்கு டேப் வச்சு அளக்கிறான்!"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் நியாயத்தைக் கேட்கிற நிலைமையில் நான் இல்லை. நான் நடந்து வருகிறேன், குதிரை சும்மா பக்கத்தில் வரட்டும் என்றேன். அப்பா முகம் சட்டென்று விழுந்துவிட்டது. முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற ஆசை. எல்லாச் சொந்தக்காரர்களிடமும் சொல்லிவைத்துவிட்டார். மண்டப வாசலில் குதிரையைப் பார்க்கவே ஒரு கூட்டம் நின்றுகொண்டிருந்தது. போய்க் கோயில் படியில் உட்கார்ந்து ஸ்டீல் டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு உறுத்தத்தான் செய்தது. மாமா வந்து என்னைப் பாராட்டினால் அப்பாவுக்கும் பெருமைதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் பாதிக் கடைகள் மூடியிருந்தன. ஜெகன் ஒரே ஒரு பேண்டேஜோடு திரும்பி வந்தான். அது கலெக்டரின் மூட்டை ஒன்றரைச் சுற்றுச் சுற்றிவிட்டு நின்றுவிட்டது. நழுவாமல் இருக்க மேலே எதையாவது வைத்துக் கட்ட வேண்டும். சுற்றும் முற்றும் பார்த்தேன். என் தோளிலேயே பட்டு அங்கவஸ்திரம் இருந்தது. வனிதா தானே காஞ்சிபுரம் போய்ப் பார்த்துப் பார்த்து எடுத்தது.

(தெரியும். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். எட்டு வருஷமாக எல்லாரும் சொல்லியாகிவிட்டது.)

மண்டியிட்டு உட்கார்ந்து, மஞ்சள் பட்டை மூட்டைச் சுற்றிக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டேன். பட்டு வழுக்கியது. அதன் மேல் இரண்டாவது முடிச்சு. அதுவும் நம்பிக்கையாக இல்லை. அந்த நேரம் பார்த்துப் பெண் வீட்டார் வேன் வந்து தெருமுனையில் நின்றிருக்கிறது. பூத்தட்டும் மாலையுமாக எல்லாரும் இறங்கி வந்துகொண்டிருக்கிறார்கள். நாதஸ்வரம், தவில் எல்லாம் முன்னாலேயே வந்து கோயில் வாசலில் தயாராக நிற்கின்றன. எனக்கு முதுகு அந்தப் பக்கம். ஒன்றும் தெரியாது.

கஜேந்திரன் மாமா தூரத்திலேயே பார்த்துவிட்டார். குதிரையின் அந்த மூட்டில் அப்படி இறுக்கிக் கட்டக் கூடாதாம். "கட்டாதீங்க! கட்டாதீங்க!" என்று கத்திக்கொண்டே வேகமாக வந்திருக்கிறார். ஷேர் ஆட்டோ ஹாரனில் அது யாருக்கும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று தெரிந்ததும், வலது கையை உயரத் தூக்கி, ஆள்காட்டி விரலை வேகமாக ஆட்டியிருக்கிறார்.

கல்யாண வீட்டில் ஒரு பெரிய மனுஷர் கையைத் தூக்கி ஆள்காட்டி விரலை ஆட்டினால் என்ன அர்த்தம்? தமிழ்நாட்டில் எந்தத் தவில்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

கெட்டிமேளம் முழங்கியது.

மாப்பிள்ளை மண்டியிட்டுக் குனிந்து மூன்றாவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருக்கிறான். தவிலும் நாதஸ்வரமும் உச்சத்தில் அலறுகின்றன. கையில் பூ வைத்திருந்த பெண்களுக்கு யோசிக்க நேரமில்லை. பிறந்ததிலிருந்து பழகின பழக்கம். அத்தனை பேரும் பூவை அள்ளி எறிந்தார்கள். என் மேலும் விழுந்தது, கலெக்டர் மேலும் விழுந்தது. யாரோ ஒரு அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வீடியோக்காரர் எங்கள் இருவரையும் சுற்றிச் சுற்றி எடுத்தார். ராகு காலம் முடிய இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது.

(பின்னால் தவில்காரரைக் கேட்டபோது, "சார் வெரலை ஆட்னாரு, நான் அடிச்சேன். சின்ன வயசுலேருந்து வெரலைப் பார்த்துத்தான் அடிக்கிறேன். கட்டுறது கழுத்துலயா காலுலயான்னு எட்டிப் பார்த்துக்கிட்டா இருக்க முடியும்?" என்றார். தொழில்காரரைக் குறை சொல்ல முடியாது.)

இதோடு முடிந்திருந்தால்கூட பரவாயில்லை. கலெக்டர் ஊர்வலத்துக்குப் பழகின குதிரை. மேளம் அடித்தால் நடக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நடந்தது. அங்கவஸ்திரத்தின் நீளமான முனை என் கையில் இருந்தது. விட்டால் வனிதா எடுத்த பட்டு புழுதியில் புரளும். விடாமல் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். எதிரே பெண் வீட்டுக் கூட்டம் வழியை அடைத்து நின்றதால் கலெக்டர் பக்கவாட்டில் திரும்பிப் பிள்ளையாரைப் பிரதட்சணம் செய்தது. முன்னால் அது, பட்டு முனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நான், எங்களுக்குப் பின்னால் "நில்லு கலெக்டரே, நில்லு" என்று தேசப்பன், அவருக்குப் பின்னால் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டு மேளக்காரர்கள். ஒரு முழுச் சுற்று.

சுற்று முடிகிற இடத்தில் யாரோ சிதறு தேங்காய் உடைத்திருந்தார்கள். என் புதுச் செருப்பு ஒரு சில்லின் மேல் ஏறியது. இடது கணுக்கால் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். தலைப்பாகை உருண்டு போய்க் கஜேந்திரன் மாமாவின் காலடியில் நின்றது.

அவர் தலைப்பாகையைத் தாண்டினார். என்னையும் தாண்டினார். நேராகக் குதிரையிடம் போனார்.

முதலில் என் முடிச்சுகளை அவிழ்த்தார். அதற்கே இரண்டு நிமிஷம் ஆயிற்று. பிறகு வீக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார். இரண்டு காலையும் தொட்டு ஒப்பிட்டார். காலைத் தூக்கி மடக்கி, மனசுக்குள் எண்ணிக்கொண்டு, விட்டார். எனக்குக் காலைக் கொடுக்காத கலெக்டர் அவருக்குக் கொடுத்துவிட்டு நின்றது. தேசப்பனை விட்டுத் தெருவில் ஓட்டிக் காட்டச் சொன்னார். எல்லாம் முடித்துவிட்டு என்னிடம் வந்தார். நான் அதற்குள் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"சூடு இல்ல. வலி இல்ல. நொண்டல. மூட்டுல நீர் சேர்ந்திருக்கு, அவ்வளவுதான். பாவம், அதுக்கு ஒண்ணும் பண்ணல. இறுக்கிக் கட்டினாத்தான் ஏதாவது பண்ணும்" என்றார்.

"காரணம் என்ன மாமா?"

"தெரியல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கே தெரியலயா?"

"தெரியலன்னு வாயைத் திறந்து சொல்றதுக்குத்தான் மாப்ள எங்களை அஞ்சு வருஷம் படிக்க வைக்கிறாங்க. அடுத்த வாரம் கோவளம் போய் இன்னொரு தடவை பார்க்கிறேன். கூடினா யோசிக்கலாம்." என் காலைக் குனிந்து பார்த்தார். "நீங்க ஏன் கொக்கு மாதிரி நிக்கிறீங்க?"

அவரும் கட்டைவிரலை எடுத்தார். என் கணுக்காலை அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் மேளம் நின்றுவிட்டது.

"இங்க சூடு இருக்கு. வலி இருக்கு. நொண்டல் இருக்கு" என்று எண்ணிக்கொண்டே வந்தவர், தரையைப் பார்த்தார். "காரணமும் தெரியும். தேங்காய்."

அந்தக் கூட்டத்தில் சிரிக்காதவர் பிள்ளையார் ஒருத்தர்தான். குதிரைக் காலிலிருந்து கழற்றின க்ரேப் பேண்டேஜை உதறி, மாமா என் காலில் சுற்றினார். குதிரை வாசனையோடு அது அழகாகப் பொருந்தியது. மனுஷனுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியவன் குதிரைக்குப் பார்க்கப் போக, குதிரைக்குப் பார்க்கிறவர் எனக்குப் பார்த்தார்.

மணி ஆறு இருபத்தைந்து. இனி ஒரு அடி என்னால் நடக்க முடியாது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கோயில் படியிலிருந்து அப்பா எழுந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அப்ப என்ன, குதிரையில ஏத்துங்க அவனை!"

மாமா என்னைப் பார்த்தார். "எடை எவ்வளவு?"

"எழுபத்தெட்டு."

"ஏறின உடனே அதுக்குத் தெரிஞ்சுடும் மாப்ள."

"எண்பத்தஞ்சு."

"ஒரு கிலோமீட்டர்தானே. மெதுவா போகட்டும்" என்று அனுமதி கொடுத்தார்.

ஜெகன், அப்பா, தேசப்பன், மாமா நாலு பேரும் சேர்ந்து என்னைச் சிமெண்டு மூட்டை ஏற்றுவதுபோல் ஏற்றினார்கள். "சார், கலெக்டரு பார்த்துக்கும், நீ ஒண்ணியும் பண்ணாத, சும்மா குந்திகினு வா" என்றார் தேசப்பன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே நல்ல ஆலோசனை அதுதான். வீங்கின காலோடு கலெக்டர் ஜம்மென்று நடந்தது. வீங்கின காலோடு நான் மேலே உட்கார்ந்திருந்தேன். மண்டப வாசலில் ஆரத்தி எடுத்த பெண்கள் எனக்குப் பொட்டு வைத்த கையோடு அதற்கும் வைத்தார்கள். மணி ஏழு பத்து. அப்பா வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும், "பார்த்தீங்களா, தள்ளாமலே வந்துட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தட்டு மாற்றி முடித்து வனிதாவைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தலையைக் குனிந்தபடியே, "கால் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

உருகிவிட்டேன். "பரவாயில்ல. கொஞ்சம் வீக்கம்தான்."

"உங்களைக் கேட்கல" என்றாள்.

கோயில் வாசலில் நடந்தது நாலே நிமிஷத்தில் அவள் போனுக்கு வந்து சேர்ந்துவிட்டிருந்தது.

மறுநாள் முகூர்த்தம். நான் தாலியை எடுத்ததும் கஜேந்திரன் மாமா விரலைத் தூக்கினார். தவில்காரர் உடனே அடிக்கவில்லை. கழுத்தை எட்டி, மணவறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் அடித்தார். வனிதாவுக்குத் தோள் குலுங்கியது. புகைப்படங்களில் அவள் அழுவதுபோல் இருக்கும். பார்க்கிறவர்கள், "பாவம், பிறந்த வீட்டை நினைச்சு அழறா" என்பார்கள். நாங்கள் திருத்துவதில்லை.

எங்கள் வழக்கப்படி முதல் முடிச்சைத்தான் மாப்பிள்ளை போடுவான், மற்ற இரண்டும் நாத்தனார் போடுவது. என் அக்கா போட்டாள். இதுதான் இன்றுவரை எங்கள் வீட்டில் தீராத வழக்கு. என்ன சண்டை வந்தாலும், எரியாத கேஸ் அடுப்பில் ஆரம்பித்தாலும் சரி, கடைசியில் வனிதா அங்கேதான் வந்து நிற்பாள். "எனக்கு ஒரு முடிச்சுதானே போட்டீங்க. அவளுக்கு மூணையும் நீங்களேதானே போட்டீங்க. அதுவும் பட்டுல." கல்யாண வீடியோவை எடிட் செய்தவர் கெட்டிமேளக் காட்சி இரண்டு இருப்பதைப் பார்த்துக் குழம்பி, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் சேர்த்துவிட்டார். முதலாவதற்குத்தான் பூ உதிர்கிற எஃபெக்ட் போட்டிருக்கிறார். வருஷா வருஷம் கல்யாண நாளன்று அப்பா எல்லாரையும் உட்கார வைத்து அதைப் போடுவார். (அவர் முட்டியை இப்போது வாரம் ஒருமுறை பார்க்கிறேன். மாடி ஏறுகிறார்.) கஜேந்திரன் மாமா வந்திருந்தால் அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, "முடிச்சு மட்டும் நல்லா பலமா போட்டிருக்கீங்க மாப்ள" என்பார். நான் நாலு மாதம் தவம் கிடந்த பாராட்டு அந்த வடிவத்தில்தான் வந்தது.

போன மாதம் கோவளம் போயிருந்தோம். எங்கள் மகள் நிலாவுக்கு ஆறு வயசு. பீச்சில் தூரத்தில் வெள்ளைக் குதிரையைப் பார்த்ததுமே, "பெரியம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். சொல்லிக்கொடுத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தேசப்பன் எங்களைப் பார்த்துவிட்டுக் கலெக்டரின் காதருகே குனிந்து, "த பார்றா, உன் வூட்டுக்காரரு வந்துகீறாரு. காலைக் காட்டிடாத" என்றார்.

கலெக்டருக்குக் கொஞ்சம் வயசாகிவிட்டது. ஆனால் அதே நடை. வீக்கமும் அதே இடத்தில், அதே சாத்துக்குடி அளவில், ஏறாமல் இறங்காமல் அப்படியே இருந்தது. மாமா வருஷத்துக்கு இரண்டு முறை வந்து பார்க்கிறாராம். காரணம் அவருக்கு இன்னும் தெரியவில்லையாம். என் இடது கணுக்கால்தான் மழை வந்தால் முனகுகிறது.

நிலா குனிந்து பார்த்துவிட்டு, "அப்பா, பெரியம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கு!" என்றாள்.

என் கட்டைவிரல் துடித்தது. இரண்டு கைகளையும் பாண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு கடலைப் பார்த்து நின்றேன்.

சுண்டல் தின்றுகொண்டிருந்த வனிதா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"தொட்டுத்தான் பாருங்களேன். மூத்தவதானே, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."